கட்டியகாரனும் வேலைக்காரனும்

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒரு மாலைப்பொழுதில் மண்டபம் நிறைந்த கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. நண்பனொருவன் அழைத்ததன்பேரில் ஒரு நாடகக் குழுவிற் சேர்ந்திருந்தேன். நாடகம் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கொழும்பில் வீடு வாங்கிக் குடியேறிய ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், அவர் மனைவி, பெண் பார்க்க லண்டனிலிருந்து வரும் மாப்பிள்ளை, இவர்களுக்கிடையே தேநீர்த் தட்டுடன் ஓடித்திரியும் ஒரு வேலைக்காரப் பையன். அந்தப் பையன் மலைநாட்டிலிருந்து வந்தவன். தட்டைக் கவிழ்ப்பான், சொன்னதை மாற்றி விளங்கிக்கொள்வான், எதற்கும் “ஆமாங்கய்யா” என்பான். அவன் வாய் திறந்தாலே சபை சிரிக்கும். அவன் நான்.

அந்தப் பாத்திரம் எனக்குக் கிடைத்த கதையை இதுவரை எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. முதல் ஒத்திகையில் எல்லோரும் மாறி மாறி வசனம் படித்தோம். என் முறை வந்து நான் நான்கு வரி படித்ததும் நெறியாளர் கையைத் தட்டி, “தம்பி, உமக்கு அந்தப் பாஷை அச்சா வருகுது. எங்கை பழகினீர்?” என்று கேட்டார். நான் சிறிதும் தயங்காமல், “எங்கடை பக்கத்து வீட்டிலை ஒரு ஆக்கள் இருக்கினம் அண்ணை. அவையின்ரை கதையைக் கேட்டுப் பழகினது” என்றேன். அந்த ‘பக்கத்து வீட்டு ஆக்கள்’ என் தாயும் தாத்தாவும் ஆவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டினால் ஒரு தமிழ், உள்ளே வந்தால் இன்னொரு தமிழ் என்று பாடசாலைக் காலந்தொட்டே நான் பழகியிருந்தேன். எனவே நான் நடித்தது வேலைக்காரனாக அன்று. மற்ற வேளைகளில் எல்லாம் நடித்துக்கொண்டிருந்தவன், அந்த மேடையில் மட்டும் நடிக்காமல் நின்றேன் என்பதே உண்மை.

அம்மா நாடகத்துக்கு வந்திருந்தார். இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இருந்தார். மண்டபம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. திரும்பி வருகையில் 155ஆம் இலக்கப் பஸ்ஸில் ஜன்னலோரமாக இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மருதானை கழிந்த பின் ஒன்று மட்டும் கேட்டார்: “சட்ட அவங்க குடுத்ததா, நம்ம வீட்ல இருந்து எடுத்துக்கிட்டுப் போனதா?” அது தாத்தாவின் பழைய சட்டை. நான் பதில் சொல்லவில்லை.

வீட்டில் தாத்தா விழித்திருந்தார். நாடகம் எப்படி என்று கேட்டார். பகிடி நாடகம் என்றும், எனக்குத்தான் கூடுதலான கைதட்டல் என்றும் சொன்னேன். அவர் மகிழ்ந்து, “அப்ப நீ கோமாளி கட்டுன!” என்றார். பின்னர் வசனங்களைச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “இது கோமாளி இல்லையேடா. இது வெறும் வேலக்காரன்” என்றார்.

அந்த வேறுபாட்டை அவர் விளக்கவில்லை. ஆயினும் அது என்னை விட்டபாடில்லை. பல்கலைக்கழகம் வந்து கலைப்பீடத்தில் நாடகத்தை ஒரு பாடமாகக் கற்கும் இந்நாள்வரை, நகைப்பூட்டும் பாத்திரம் எதனைப் படித்தாலும் தாத்தாவின் அளவுகோலையே முதலில் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். இக்கட்டுரை அவ்வாறு பார்த்ததன் பயன்.

தாத்தாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்தவர். மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதத்திற் காமன் ஊன்றி ஆடப்படும் காமன் கூத்தில் பதினாறு வயதிலிருந்து கோமாளியாக ஆடியவர். தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிச் செல்வர். கோமாளி அவர்களுக்கு முன்னும் பின்னுமாக ஓடுவான். ரதி மன்மதனுக்குப் பாட்டு உண்டு, அடவு உண்டு, கதை உண்டு. கோமாளிக்கு இவையொன்றும் இல்லை. அவனிடம் இருப்பது ஒரு கோல், ஒட்டுப் போட்ட ஒரு சட்டை, அன்றன்று வாயில் வரும் பேச்சு.

தாத்தாவின் பேர்போன விளையாட்டுக் கொழுந்து நிறுக்கும் விளையாட்டு. கோலைத் தராசாகப் பிடித்து, அதில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி அதற்குள் வைப்பாராம். “பதினெட்டு றாத்தல்! கூடைக்கு ரெண்டு கழி. தண்ணிக்கு மூணு கழி. சாமிக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு. மிச்சம் பத்து. பத்துக்கு முழுப் பேரு கெடயாது, அரப் பேரு!” குழந்தையின் தாயைப் பார்த்து, “இந்தாம்மா, உம் புள்ளைல பாதிய எடுத்துக்கிட்டுப் போ” என்பாராம். தோட்டத்து வாழ்வை அறியாதோருக்காகச் சொல்கிறேன்: ‘பேர்’ என்பது செக்றோலில் விழும் ஒரு நாட்சம்பளம். நாள் முழுவதும் மலையேறிக் கொய்தவளுக்கு நிறுவையிற் குறைந்தது என்று அரைப்பேர் போடுவது அவளுடைய பாதி நாளைப் பறிப்பதாகும். அந்த வேளையில் முன்வரிசையிற் கதிரை போட்டுக் கணக்கப்பிள்ளை இருப்பார். அவரும் சிரிப்பாராம். சிரிக்காவிட்டால் தன்னைத்தான் சொல்கிறான் என்று தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடுமே!

“மறுநாள் நிறுவை சரியாக இருந்ததா?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு கிழம சரியா இருந்திச்சி” என்றார். ஒரு கிழமை என்பது சிறிது காலமே. ஆயினும் வேறெந்தக் கலைப்படைப்பும் கொழுந்து நிறுவையை ஒரு கிழமைக்கேனும் திருத்தியதாக நான் படித்ததில்லை.

நகைப்புக்கு இலக்கணம் கூறியவர்களுள் எமக்கு மூத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினை அவர் வகுத்தார். பரீட்சைக்காக இந்நான்கையும் மனனம் செய்தபோது தோன்றாத ஒன்று, பேராசிரியர் உரையைப் படித்தபோது பளிச்சிட்டது. எள்ளல் இருவகைப்படும் என்கிறார் அவர்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுவது மற்றொன்று. எள்ளல் இருதிசையிலும் பாயக்கூடியது என்பதை உணர்ந்த உரையாசிரியரின் நுண்மை வியக்கத்தக்கது. என் வெள்ளவத்தைப் பாத்திரத்துக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவனிடம் பேதைமை உண்டு, மடன் உண்டு. எள்ளல் ஒரு திசையில் மட்டுமே உண்டு.

கூத்து மரபில் நகைப்பூட்டுவோருள் தலையாயவன் கட்டியகாரன். தமிழகத்துத் தெருக்கூத்திற் கட்டியங்காரன் என்பர். எமது மட்டக்களப்புக் கூத்தில் அரசனின் வரவைக் கூறி முதலில் மேடையேறுபவன் அவனே. பெயருக்கேற்ப அவனது கடமை கட்டியம் கூறுவது, அதாவது அரசனின் பெருமையை முழங்குவது. ஆனால் தெருக்கூத்தில் என்ன நடைபெறுகின்றது? திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். கட்டியங்காரன் திரைக்கு இப்புறம் நின்று, நீ யார், எந்த ஊர், இங்கு என்ன அலுவல் என்று விசாரிக்கிறான். அரசன் தன்னை யார் என்று ஊராருக்கு மெய்ப்பித்த பின்பே திரை விலகுகிறது. பின்னர் அதே கட்டியங்காரன் வாயிற்காவலனாகவும், தூதனாகவும், மந்திரியாகவும், தேவைப்பட்டாற் பெண்ணாகவும் மாறுவான். இரவு முழுவதும் அரசனுக்கு ஏவல் செய்வான். எனினும் கேள்வி கேட்கும் உரிமையை அவன் ஒருபோதும் கைவிடுவதில்லை. அரசனது நீண்ட பாட்டை, பாமரனுக்கு விளங்கவில்லை என்ற பாவனையில், மீண்டும் வசனத்திற் சொல்லச் செய்வான். சொல்லும்போது அரசன் சிறிது குறுகிப் போவான்.

வடமொழி நாடகத்து விதூடகன் வேறுவகை. அவன் அரசனின் தோழன், அந்தணன், பெருந்தீனிக்காரன். அரசன் காதலால் வாடும்போது அவன் மோதகத்தை நினைத்து வாடுவான். அவனிடத்தில் எனக்கு வியப்பளித்தது அவனது மொழி. உயர்ந்தோர் சமஸ்கிருதம் பேச, பெண்களும் ஏவலரும் பிராகிருதம் பேசும் அந்த மேடையில், பிறப்பால் அந்தணனாகிய விதூடகனும் பிராகிருதமே பேசுகிறான். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட மொழியை நகைப்புக்காக ஒருவன் வாயில் வைப்பது நேற்று வெள்ளவத்தையிற் கண்டுபிடிக்கப்பட்ட உத்தி அன்று என அறிந்தபோது ஓரளவு ஆறுதலும் ஓரளவு அச்சமும் உண்டாயின.

ஆனால் இதே விதூடகன் கேரளத்துக் கூடியாட்டத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அங்கே நாயகன் வடமொழிச் சுலோகம் சொல்கிறான். சபையிற் பலருக்கு விளங்காது. விதூடகன் அதனை மலையாளத்தில் விளக்குகிறான். சபைக்கு விளங்கும் மொழி அவன் வாயில் இருப்பதாற் சபையே அவன் கையில் இருக்கிறது. நாயகன் காதலியைப் புகழ்ந்து சொன்ன சுலோகத்துக்கு எதிராகச் சாப்பாட்டைப் புகழ்ந்து தானொரு சுலோகம் கட்டுவான். நாயகனை மட்டுமன்றி, முன்னிருக்கும் பெரியவர்களையும் பெயர் சொல்லாமற் குத்துவான். தாழ்ந்த மொழி என்று கொடுக்கப்பட்டதே ஈற்றில் அவனது ஆயுதமாயிற்று.

பபூனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆங்கிலச் சொல்லொன்று தமிழ் நாக்கிற் புரண்டு பபூனாகியது. இசைநாடகக் கொம்பனிகளோடு எம்மிடம் வந்தவன் அவன். கதைக்கும் அவனுக்கும் தொடர்பு குறைவு. திரை மாறும் இடைவெளியைத் தன் தனிப்பேச்சால் நிரப்புபவன். பபூன் நல்லவனாக இருந்தால் அன்றிரவு நாடகம் பிழைத்தது என்பர்.

கோணங்கி சுவையானவன். எமது சொல்லாகிய கோணங்கி கரையோரம் வழியாகச் சிங்கள நாடகம எனும் கூத்துக்குட் சென்று குடியேறிவிட்டான். தென்மோடிக் கூத்தின் செல்வாக்குடன், பெரும்பாலும் கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தது நாடகம. அதன் முன்னோடியாகப் போற்றப்படும் பிலிப்பு சிஞ்ஞோ கொழும்பில் வாழ்ந்த ஒரு கொல்லர். நாடகமவில் அரசன் வருமுன்னர் கோணங்கி வந்து குதிப்பான். பேராசிரியர் சரச்சந்திர அந்த மரபிலிருந்து ‘மனமே’யை ஆக்கி 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றியபோது, கதைசொல்லும் பொத்தேகுருவை வைத்துக்கொண்டார், கோணங்கியை வைத்துக்கொள்ளவில்லை. ‘மனமே’யின் செறிவுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம், அந்நாடகத்தின் பெருமையில் எனக்கு மறுப்பில்லை. எனினும் விடியவிடிய நடந்த கூத்துகளை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைகளுக்குக் கொணர்ந்த அந்தக் காலப்பகுதியை எண்ணும்போது, வாயில் வந்ததைப் பேசுபவனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி வானொலி. தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடிய 1974இல் தாத்தா குடும்பத்துடன் கொழும்புக்கு இறங்கினார். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய மன்மதனும் ரதியும் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா சென்றுவிட்டார்கள். கோமாளி மாத்திரம் செட்டியார் தெருக் கடையொன்றிற் காவற்காரனானார். கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியேறிய நெருக்கமான குடியிருப்புக்கும் தோட்டம் என்றுதான் பெயர்! அந்தத் தோட்டத்தில் ஒரேயொரு வீட்டில் வானொலி இருந்தது. சிறுமியாக இருந்த என் தாயார் அந்த வீட்டு வாசலில் இருந்து ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஒலித்த அத்தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. எஸ். ராம்தாஸ் எழுதி, மரிக்காராக முஸ்லிம்களின் தமிழ் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழ் பேசினார். அப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. பி. எச். அப்துல் ஹமீட் ஐயராக வந்தார்.

இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர் மரிக்கார்; முஸ்லிம் ஒருவர் ஐயர்; தமிழர் உபாலி. கொழும்பு வீதியொன்றில் ஒரு நாளிற் காதில் விழும் பேச்சுகள் அனைத்தும் அங்கே இருந்தன. ஒவ்வொருவரும் பிறருடைய பேச்சை எடுத்து ஆடினர். “மரிக்கார் பேசறப்ப எங்க தோட்டத்துல இருந்த முஸ்லிம் ஆச்சிதான் எல்லாருக்கும் முந்திச் சிரிக்கும்” என்கிறார் அம்மா.

இவ்விடத்தில் என் வாதம் இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நண்பர், யாழ்ப்பாணத்தவர், இதனைக் கேட்டுவிட்டு, “அப்ப கோமாளிகள் பேச்சைப் பகிடி பண்ணினால் கலை, எங்கடை ஆக்கள் பண்ணினால் குற்றமோ?” என்று மடக்கினார். தமது பேச்சைத் தாமே பகிடி செய்வதே நேரியது என்று சொல்லித் தப்ப முயன்றேன், கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பை எடுத்துக்காட்டினேன். யாழ்ப்பாணத்துப் பஸ் கொண்டக்டரை வடமராட்சிக் கலைஞரொருவரே ஆடிக் காட்டியது அது. ஆனால் அந்த விதி மரிக்காருக்கும் உபாலிக்கும் பொருந்தாது. என் தாயைச் சிரிக்க வைத்த அவ்விருவரையும் அது வெளியே தள்ளிவிடும். அன்றியும், வெள்ளவத்தை மேடையில் மலைநாட்டுத் தமிழைப் பேசியவன் மலைநாட்டு வீட்டுப் பிள்ளைதானே! நான் வகுத்த விதிப்படி அந்த நாடகம் குற்றமற்றதாகிவிடுகிறது.

விடையை வேறெங்கோ கண்டேன். இத்தாலிய ‘கொமேடியா டெல்லார்ட்டே’ பற்றி ஒரு விரிவுரைக்காகப் படிக்க நேர்ந்தது. அதில் ஸன்னி எனப்படும் வேலைக்காரக் கோமாளிகள் உண்டு. ஆர்லெக்கினோ அவர்களுட் புகழ்பெற்றவன். அவர்கள் பெர்கமோ என்னும் மலைப்பிரதேசத்திலிருந்து வெனிஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் பிழைப்புத் தேடி வந்த ஏழைகளின் சாயலில் ஆக்கப்பட்டவர்கள். அவர்கள் பேசும் மலைப்பேச்சைக் கேட்டு வெனிஸ் நகரத்தார் சிரித்தனர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கியவன், வேலைக்காரன், பேச்சால் நகைக்கப்படுபவன்: இவன் எங்கள் வீட்டுக்காரன்தான். ஆனால் ஆர்லெக்கினோ தட்டைக் கவிழ்ப்பதோடு நிற்பதில்லை. வெனிஸ் வியாபாரியான கருமி பந்தலோனே எதையும் தனக்கென்றே கணக்குப் பார்ப்பவன். அவனை ஏமாற்றிக் காதலரைச் சேர்த்து வைத்து, இடையே தன் வயிற்றையும் நிரப்பிக்கொள்பவன் வேலைக்காரனே. பேச்சு நகைப்புக்குரியது, பேசுபவன் மூடன் அல்லன்.

அன்று மாலை எனது பழைய நாடகப் பிரதியைத் தேடி எடுத்தேன். வேலைக்காரனுக்கு இருபத்து மூன்று வசனங்கள். அவற்றுள் ஒன்றேனும் கேள்வி இல்லை. கட்டியகாரன் கேட்கிறான், கூடியாட்டத்து விதூடகன் கேட்கிறான், உபாலியும் மரிக்காரும் ஒருவரையொருவர் ஓயாது கேட்டு மடக்குகின்றனர். எவன் பேச்சை எவன் எடுத்து ஆடினான் என்பது பெரிதன்று. அந்தப் பேச்சுக்குள் ஒரு கேள்வியை வைத்தார்களா என்பதே தாத்தாவின் அளவுகோல் என்று இப்போது நினைக்கிறேன். அவரைக் கேட்டால் அவ்வாறு சொல்லமாட்டார்.

நாடகம் 2020 தை மாதத்தில் இரண்டாம் முறை மேடையேறியதைச் சொல்லவில்லை. இந்த நூலறிவு எதுவும் அப்போது என்னிடம் இல்லை. “இது வெறும் வேலக்காரன்” என்ற சொல் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஒத்திகையில் எனக்கு ஒரு வசனம் கூட்டித் தரலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். “தம்பி, ஓடுற பகிடியைக் குழப்பாதையும்” என்றார். அவர் கெட்டவர் அல்லர். எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பவர். எனக்கு மேடையிற் நிற்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

மேடையில், ஐயா எனக்கு மாதச் சம்பளம் தரும் காட்சி வந்தது. உடைந்த கோப்பைக்கு இவ்வளவு என்று கழித்து மிச்சத்தை நீட்டுவார். நான் “ஆமாங்கய்யா” என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை. தேநீர்த் தட்டைத் தராசுபோல் உயர்த்திப் பிடித்து, “கோப்பைக்கு ரெண்டு கழிச்சிட்டீங்க. தண்ணிக்கு மூணு கழிக்கலீங்களா? சாமிக்கு ஒண்ணு? ஐயாவுக்கு ரெண்டு?” என்று கேட்டேன். ஐயாவாக நடித்தவருக்கு மறுமொழி இல்லை. அவர் பிரதியில் அது இல்லையே! சபை அமைதியாயிற்று. பின்வரிசையில் யாரோ ஒருவர் உரத்துச் சிரித்தார். வேறு சிலரும் சேர்ந்தனர். முன்னைய சிரிப்பைவிடக் குறைந்தது. மேடையிலிருந்து கேட்பதற்கு வேறுமாதிரியானது. நான், “அப்ப அரப் பேருதான்” என்று முடித்து உள்ளே போனேன். நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாடகத்துக்கு அழைப்பும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். பாயில் எழுந்து இருந்து, மேடையில் சொன்னபடியே சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. “வெரசா சொல்லிட்ட. ‘முழுப் பேரு கெடயாது’ன்னு சொல்லிட்டு அப்பிடியே நிக்கணும்டா. கணக்கப்பிள்ளை மூஞ்சியப் பாக்கணும். அவரு சிரிக்கிறாரான்னு பாத்துட்டுத்தான் ‘அரப் பேரு’ன்னு எறக்கணும்” என்றார். பின்னர் சுவரிற் சாய்த்திருந்த ஊன்றுகோலை எடுத்துக் கிடையாகப் பிடித்தார். அடுப்படியிலிருந்து அம்மா வந்து கதவோரம் நின்றார். தாத்தா எண்ணத் தொடங்கினார்.